பெட்டி பதியவில்லை

எனக்கு மனிதர்களோடு வருகிற கோபம் இரண்டு நாளில் ஆறிவிடும். மச்சாளோடு வந்தது மட்டும் ஆறவில்லை. அதற்கு அடுத்தபடியாக என் வாழ்க்கையில் நான் அதிகம் திட்டியது ஒரு கறுத்தப் பெட்டியை. ஒரு பள்ளிக்கூடக் கொப்பியின் அகலம், இரண்டு விரல் தடிப்பு. வயரால் லப்டொப்பில் கொழுவி, சீடியைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினால், லப்டொப்பில் இருக்கிற படத்தைச் சீடியில் பதிந்து தரவேண்டும். அதற்கு உலகத்தில் வேறு வேலை இல்லை. சோறு கேட்கிறதா, சம்பளம் கேட்கிறதா? அந்த ஒரு வேலையையும் மாட்டேன் என்று நின்றது.

மச்சாள் என்று நான் சொல்வது என் அண்ணனின் மனைவியை. அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். வயதில் மூத்தவள், "அவர்" என்றுதான் எழுத வேண்டும். என் கை மறுக்கிறது. புங்குடுதீவு மடத்துவெளியில் எங்கள் இரண்டு வீடும் ஒரு காலத்தில் ஒரே வளவு. அப்பா அதைப் பிரித்து, மேற்குப் பாதியை எனக்குச் சீதனமாகவும் கிழக்குப் பாதியை அண்ணனுக்கும் எழுதினார். கிணறு கிழக்கில் போய்விட்டது. கிணற்றில் எனக்கும் பங்கு என்று காணி உறுதிப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. "ஒரு தாய் வயித்துப் பிள்ளையள், தண்ணிக்கோ அடிபடப் போகுதுகள்?" என்று சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார், புண்ணியவான்.

அண்ணன் இருக்கும்வரை அடிபடவும் இல்லைத்தான். எங்கள் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் உப்பு. அந்தத் தண்ணீரில் பருப்புக்கூட அவியாது. அதனால் கலியாணம் முடித்த நாளிலிருந்து அண்ணன் வீட்டுக் கிணற்றில்தான் அள்ளினேன். போன வருடம் அண்ணன் கண்ணை மூடினார். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்த சனம் கலைந்து, அடுப்புச் சாம்பல் ஆறவில்லை, மச்சாள் கிணற்றுக்கு இரும்பு மூடி அடித்து அதற்கு ஒரு ஆமைப்பூட்டும் போட்டுவிட்டாள். நான் வாளியோடு போய் என்ன இது என்று கேட்டேன்.

"வெளியாக்களுக்கு இனித் தண்ணி குடுக்கிறேல்லை" என்றாள், முகத்தைக்கூடத் திருப்பாமல்.

வெளியாள்! அந்தக் கிணற்றுக் கட்டில் இருந்து பல்லுத் தீட்டி வளர்ந்தவள் நான். அவள் அந்த வளவுக்குள் கால் வைத்ததே என் அண்ணனுக்குக் கழுத்தை நீட்டின பிறகுதான்.

அதற்குப் பிறகு பவுசர் லொறி வந்து றோட்டுக்கரைத் தாங்கியில் ஊற்றிவிட்டுப் போகும் தண்ணீர்தான் எங்களுக்கு. இவர், அதுதான் என் வீட்டுக்காரர், பிளாஸ்டிக் கான்களைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வருவார். அவருக்கு முழங்கால் நோ. படலையடியில் நின்று மூச்சு வாங்குவார். அதே நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் மச்சாள் மோட்டரைப் போட்டுக் குறோட்டன் செடிகளுக்குத் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்கும். குறோட்டனுக்கு! கேட்கக் கேட்க எனக்குப் பத்திக்கொண்டு வரும். வழக்குப் போட்டேன்.

சட்டத்தரணி நல்ல மனிதர், ஆனால் முதல் நாளே கையை விரித்தார். உறுதியில் இல்லாதபடியால், காலங்காலமாக அந்தக் கிணற்றில் நாங்கள் உரிமையோடு அள்ளினோம் என்று காட்ட வேண்டுமாம். யாரை வைத்துக் காட்டுவது? பாதி அயல் வெளிநாட்டில். மிச்சப் பாதி என்னோடும் சிரிக்கும், மச்சாளோடும் சிரிக்கும். கோட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றால் அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல் வந்துவிடும். அப்போதுதான் எனக்கு அந்த வீடியோ நினைவுக்கு வந்தது.

மச்சாளுக்கு ஒரே மகள். அந்தப் பிள்ளை பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டின் வீடியோ அது. நான் தகப்பனின் தங்கை, பிள்ளைக்கு மாமி. அதனால் தண்ணீர் வார்க்கிற உரிமை எனக்கு. நெஞ்சுக்குக் குறுக்கே ஒற்றைத் துணி சுற்றின குறுக்குக்கட்டோடு கிணற்றடியில் அவளை இருத்தி, நானே அள்ளி அள்ளி வார்ப்பது அதில் அப்படியே இருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், பட்டுச்சேலையோடு பக்கத்தில் நிற்கிற மச்சாள் தன் வாயாலேயே சொல்கிறாள்: "இன்னும் ரெண்டு வாளி வாரும் மச்சாள். தண்ணிக்கென்ன பஞ்சம்? உம்மடை கிணறுதானே!"

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அவர்களுடைய சீடியை நான் அந்தக் காலத்திலேயே இரவல் வாங்கிக் கணினியில் ஏற்றி வைத்திருந்தேன். சட்டத்தரணிக்குச் சொன்னதும் அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடுத்த வழக்குத் தவணைக்கு முன்னம் சீடியிலை பதிஞ்சு தாங்கோ அக்கா. பென் ட்ரைவ் வேண்டாம், அதை மாத்தலாமெண்டு எதிர்ப்பக்கம் நிக்கும். ஓரிடமும் வெட்டாமல் முழுசாய் இருக்கவேணும். வெட்டினது தெரிஞ்சால் தூக்கி எறிஞ்சு போடுவினம்."

சீடி பதிகிற பெட்டி என்னிடம் இருந்தது. அனுப்பியதே அந்தப் பிள்ளைதான். கலியாணம் முடித்து வெளிநாடு போன பிறகு, ஊருக்கு வந்த ஒருவரிடம் பெட்டியையும் ஒரு கட்டு வெறும் சீடியையும் கொடுத்துவிட்டு எனக்குப் போன் எடுத்தாள். "மாமி, என்ரை சின்ன வயசுப் படமெல்லாம் இதிலை பதிஞ்சு வையுங்கோ. அம்மாட்டை இருந்தால் துலைச்சுப் போடுவா." தாயின் குணம் பிள்ளைக்கும் தெரியும். நான்தான் இன்றைக்கு நாளைக்கு என்று பதியாமல் வைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பித்து இளைப்பாறியவள் நான். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பழுதான பெட்டிகளை நிமிர்த்திக் கொடுத்திருப்பேன். எனவே மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்து, கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற வேலை என்று நினைத்துத்தான் தொடங்கினேன்.

சீடி சுற்றியது. பச்சைக் கோடு மெல்ல மெல்ல ஊர்ந்தது. பாதி தாண்டவில்லை, உள்ளே "கிறுக் கிறுக்" என்று ஒரு சத்தம். பிறகு பதிய முடியவில்லை என்று எழுதிக் காட்டிவிட்டு, தட்டை வெளியே நீட்டியது. நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினதுபோல இருந்தது. சீடி நாசம். இன்னொன்று போட்டேன். அதுவும் நாசம்.

"கோதாரி!" என்றேன்.

"என்னவாம்?" என்று இவர் முன்விறாந்தையில் இருந்து கேட்டார்.

"பதியுதில்லையாம்."

"ரவுணிலை ஒரு கடையிலை குடுத்தால் நிண்ட நிலையிலை பதிஞ்சு தருவாங்கள். ஏன் உதோடை மாரடிக்கிறீர்?"

"பிள்ளை நனைஞ்ச குறுக்குக்கட்டோடை நிக்கிற படத்தைக் கொண்டுபோய்க் கடைக்காரன்ரை கையிலை குடுக்கச் சொல்லுறியளோ? அவன் ஒரு கொப்பி எடுத்து வைச்சால் ஆர் கேக்கிறது? விசர்க்கதை கதையாதேங்கோ!"

அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

முதலில் பழைய பாட்டுச் சீடி ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். கணீரென்று பாடியது. ஆகவே பெட்டியின் லேசர்க் கண் சரி, வாசிக்கத் தெரிந்ததற்கு எழுதத்தான் வில்லங்கம் என்று முடிவு கட்டினேன். அந்த முடிவுதான் என்னை நாலு பக்கமும் அலைய வைத்தது. வயரைப் பார்த்தேன். அதற்கு இரண்டு தலை. ஒன்று படம் போக, மற்றது கூடுதல் மின்சாரம் இழுக்க. ஒன்றை மட்டும்தான் கொழுவியிருந்தேன். பதிவதற்குக் கரண்ட் கூடுதலாய் வேண்டும், இதுதான் பிழை என்று துள்ளிக்கொண்டு இரண்டையும் கொழுவினேன். பச்சைக் கோடு கொஞ்சம் கூடுதல் தூரம் போய்விட்டுத் திரும்பவும் நாக்கை நீட்டியது.

வேகத்தைக் குறைத்தேன். பதிகிற மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக இறக்கினேன். அதற்கே போனில் இருந்த டேட்டா முழுவதும் போய்விட்டது. லப்டொப்பின் இந்தப் பக்கத் துளையில் கொழுவினேன், அந்தப் பக்கத் துளையில் கொழுவினேன். மச்சாள் மோட்டர் போட்டால் எங்கள் வீட்டு லைற்றே மங்கும். அவளுடைய மோட்டர்தான் கரண்டை இழுக்கிறது என்று நினைத்து, அவள் குறோட்டனுக்கு அடித்து முடிக்கும்வரை காத்திருந்து பதிந்தேன். இல்லை. பெட்டிக்கும் அவளுக்கும் ஏதோ இரகசிய ஒப்பந்தம் இருக்கிறது என்றே நம்பத் தொடங்கிவிட்டேன்.

கட்டில் இருந்த சீடி குறைந்துகொண்டே வந்தது. தவணை கிட்டக் கிட்ட வந்தது. சட்டத்தரணி ஒருதரம் போன் எடுத்து, "அக்கா, அது இல்லாட்டில் எங்களிட்டை வேறை ஒண்டும் இல்லை, தெரியும்தானே" என்றார். தெரியும். தெரிந்தபடியால்தான் பெட்டியின் முதுகில் ஒரு அடி போட்டேன். பிறகு பயந்துபோய்த் தடவிவிட்டேன்.

"கற்பூரம் கொளுத்திக் காட்டிப் பாரும். சிலவேளை இரங்கும்" என்றார் இவர்.

"ஓம், உங்களுக்கும் சேத்துக் காட்டுறன். ரெண்டும் ஒரு மாதிரித்தான் கிடக்கு."

அவர் சிரித்துக்கொண்டு கான்களைத் தூக்கினார். நான் சிரிக்கவில்லை. நீட்டிய தட்டுக்கு முன்னால் குனிந்து, உள்ளே என்னதான் இருக்கிறது, பார்ப்போம் என்று முகத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். பெட்டிக்குள்ளிருந்து என் கூறைச்சேலை மணத்தது.

முதலில் விளங்கவில்லை. மறுபடி மணந்தேன். சந்தேகமே இல்லை, என் அலுமாரி மணம். அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றாய் வந்து மண்டையில் அடித்தது. எங்கள் தீவில் உப்புக்காற்று விடாத பொருள் கிடையாது. கத்தரிக்கோல், றேடியோ, மணிக்கூடு எல்லாம் தின்னும். அதனால் பெறுமதியான எதுவென்றாலும் அது சேலை அலுமாரிக்குள் போகும். இது என் வீட்டுச் சட்டம் மட்டுமில்லை, ஊரில் எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் சேலைகளுக்கு நடுவில் ஒரு ரோர்ச்லைற்றாவது படுத்திருக்கும். பூச்சி அரிக்காமல் இருக்க நடுநடுவே வெள்ளை நப்தலின் உருண்டைகள். பிள்ளை அனுப்பின பெட்டியையும் சீடிக்கட்டையும் நான் கூறைச்சேலைக்குள் சுற்றி, உருண்டையும் கூட நாலு போட்டு வைத்திருந்தேன். உருண்டைகள் கரைந்து காற்றாகி, சேலையில் மட்டும் படியவேண்டும் என்று அவற்றுக்கு ஆர் சொன்னது? மிச்சச் சீடி ஒன்றை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். மழைநேரத்து ஆவி பிடித்த கண்ணாடிபோல மங்கலாய் ஒரு படலம். பெட்டியின் உள்ளே பொட்டளவு கண், அதிலும் அதே படலம். பாட்டுச் சீடி றேடியோவுக்குப் பக்கத்தில் கிடந்தபடியால் அது துப்புரவு. வாசிக்கக் கொஞ்ச வெளிச்சம் போதும், பதிய நல்ல வெளிச்சம் வேண்டும். படலத்துக்குள்ளால் அது போகவில்லை. விஷயம் இவ்வளவுதான்.

கண்ணைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றினேன். சீடியைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிப் பழைய வேட்டித் துண்டால் துடைத்துக் காற்றாட வைத்தேன். கழுவினதும் பவுசர்த் தண்ணீர்தான். பெட்டியில் போட்டேன். பச்சைக் கோடு போனது, போனது, பாதி தாண்டியது. "கிறுக்" சத்தம் இல்லை. கடைசிவரை போய், பதிந்து முடிந்தது என்று எழுதிக் காட்டியது.

இவர் வந்து எட்டிப் பார்த்து, முழுக் கதையையும் கேட்டு, "அப்ப இவ்வளவு நாளும் பிழை உம்மடை அலுமாரியிலை. இனி ஆரைப் பேசப் போறீர்?" என்றார்.

"பெட்டியைத்தான். அதுக்கு வாயில்லையே, மணக்குதெண்டு சொல்லியிருக்கலாம்தானே!"

சரியாய்ப் பதிந்திருக்கிறதா என்று போட்டுப் பார்த்தேன். மூடி இல்லாத கிணறு. நான் மெலிந்து, கறுத்தத் தலைமயிரோடு வாளியைத் தூக்குகிறேன். பிள்ளை குந்தியிருந்து நடுங்குகிறாள். "மாமி, குளிருது" என்கிறாள். "கொஞ்சம் பொறு பிள்ளை" என்கிறேன். உடனே கமராப் பக்கம் திரும்பிக் கத்துகிறேன்: "தம்பி, கமராவை அங்காலை திருப்பும்! பிள்ளை நனைஞ்சு நிக்குது, கண் தெரியேல்லையோ?" அவன் திருப்பவில்லை. மச்சாள் சிரித்துக்கொண்டு வந்து அந்த வசனத்தைச் சொல்கிறாள். உம்மடை கிணறுதானே. ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. எனக்கு வந்த சந்தோஷத்தில் சீடியைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே அவளுடைய படலைக்குப் போனேன். சட்டத்தரணி கேட்டால் ஏசியிருப்பார். வெல்லப் போகிறேன் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லாவிட்டால் வென்று என்ன பயன்?

அவள் குறோட்டனுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றாள்.

"மச்சாள், சாமத்தியவீட்டு வீடியோ சீடியிலை பதிஞ்சாச்சு. 'உம்மடை கிணறுதானே' எண்டு நீங்கள் சொன்னதை நீதவான் கேக்கப் போறார். மரியாதையாய்ப் பூட்டைக் கழட்டுங்கோ. கோட்டாலை ஆள் வந்து கழட்டினால் உங்களுக்குத்தான் வெக்கம்."

அவள் குழாயைக் கீழே போட்டாள். தண்ணீர் மண்ணில் ஓடியது.

"தண்ணி வாக்கிற இடமோ?"

"ஓம். அதேதான்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"கொண்டுபோம். ஆம்பிளையள் நிறைஞ்ச கோட்டிலை, பெரிய ரீவீயிலை, அவளை நனைஞ்ச குறுக்குக்கட்டோடை போட்டுக் காட்டும். என்ரை லோயர் நிப்பாட்டி நிப்பாட்டி, திருப்பித் திருப்பிப் போடச் சொல்லுவார். அவளுக்கு நானே போன் எடுத்துச் சொல்லுறன், உன்ரை மாமி உன்னை எங்கை வைச்சுக் காட்டினவ எண்டு. பிறகும் அவள் உம்மை மாமி எண்டு கூப்பிடுறாளோ பாப்பம்."

"அது நீங்கள் பெத்த பிள்ளை" என்றேன்.

"ஓம், நான் பெத்ததுதான். காட்டப் போறது நீரெல்லோ" என்றுவிட்டுக் குழாயை எடுத்தாள்.

நான் வீட்டுக்கு வந்து குசினிக்குள் இருந்தேன். கடைக்காரன் கையில் கொடுக்க மாட்டேன் என்று துள்ளினவள், கோட்டில் யார் யார் இருந்து பார்ப்பார்கள் என்று ஒருதரம்கூட நினைக்கவில்லை. கோட்டு என்றால் ஏதோ கோயில் என்று நினைத்தேன் போல. வெட்டவும் ஏலாது. வெட்டினால் சீடி செல்லாது. வெட்டாவிட்டால், அவள் அந்த வசனத்தைச் சொல்லும்போது படம் நிறையப் பிள்ளைதான் நிற்கிறாள். பிள்ளையைக் கேட்டுப் பார்க்கலாமா என்று போனைக் கையில் எடுத்தேன். உன்னை இப்படிக் காட்டட்டுமா என்று எந்த வாயால் கேட்பது? அவள் ஓம் என்றாலும் என்னால் ஏலாது. போனை வைத்துவிட்டேன்.

எனக்கு வயிறெரிந்தது கிணற்றுக்காக இல்லை. நான் காட்ட மாட்டேன் என்று மச்சாளுக்குத் தெரிந்திருக்கிறது. என்னைப் பார்த்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் அதைத்தான் நிறுத்துப் பார்த்தாள். இரும்புப் பூட்டு போதாது என்று, பெற்ற பிள்ளையையே எடுத்துக் கிணற்றுக்கு இன்னொரு பூட்டாய்ப் போட்டாள். எனக்கு அந்தப் பிள்ளையில் இருக்கிற பாசத்தை நம்பித்தான் அவள் போட்டாள். தன்னிடம் அது இல்லாதபடியால் துணிந்து போட்டாள். அவள் நல்லாயிருக்க மாட்டாள். இதை எழுதும்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சீடி கையால் உடைக்க உடையவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினேன். இவர் வாசலில் வந்து நின்றார்.

"பதிஞ்சதை எல்லோ வெட்டுறீர்?"

"ஓம்."

"அப்ப வழக்கு?"

"பறையாமல் இருங்கோ."

அந்த நேரம் பார்த்துச் சட்டத்தரணியின் போன் வந்தது. சீடி தயாரா, நாளைக்குக் கொண்டு வருகிறீர்களா என்று கேட்டார். வெட்டின துண்டுகள் மடியில் கிடந்தன. அவற்றில் இன்னும் அலுமாரி மணம் இருந்தது.

"இல்லை சேர். அந்தப் பெட்டி பதியுதில்லை" என்றேன்.

"என்னக்கா, கணினி படிப்பிச்சனீங்கள்! வயரைப் பாத்தனீங்களோ? வேகத்தைக் குறைச்சுப் பாத்தனீங்களோ?"

"எல்லாம் பாத்தாச்சு."

"வேறை பெட்டி ஒண்டிலை போட்டுப் பாக்கேலாதோ? எங்களிட்டை இருக்கிறது இது ஒண்டுதானே."

"எந்தப் பெட்டியிலையும் பதியாது, சேர்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இவர் முற்றத்தில் இறங்கி, கான்களைச் சைக்கிளில் கட்டத் தொடங்கினார்.